ஆறரை எடுத்த பிறகு

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் எழுத்துப் பகுதி ஒரு மணி நேரம் நடக்கும். அதில் இரண்டாவது கேள்விக்கு 250 சொற்களுக்குக் குறையாமல் கட்டுரை எழுத வேண்டும். எந்தப் புத்தகத்தையும் புரட்ட வேண்டியதில்லை. யார் என்ன சொன்னார்கள் என்று காட்ட வேண்டியதில்லை. சொந்தக் கருத்தும் ஓரிரு எடுத்துக்காட்டும் போதும். அதில் தேறி, விசா வாங்கி, மெல்பர்னிலோ சிட்னியிலோ முதுகலை வகுப்பில் போய் உட்காரும் மாணவருக்குச் சில வாரங்களிலேயே முதல் அசைன்மென்ட் வந்துவிடுகிறது. இரண்டாயிரம், மூவாயிரம் சொற்கள். பத்துப் பன்னிரண்டு ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, அவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே மோதுகின்றன என்று பிரித்துக் காட்டி, ஒவ்வொரு கூற்றுக்கும் மூலம் குறித்து, அவற்றுக்கு நடுவே தன் நிலைப்பாட்டை நிறுவ வேண்டும். முதல் வேலை தெரிந்தவருக்கு இரண்டாவது தானே வந்துவிடும் என்று நம்பித்தான் உயர்கல்விச் சேர்க்கை நடக்கிறது.

அந்த நம்பிக்கையைத் தேர்வின் சொந்தக்காரர்களே ஏற்கவில்லை. ஐஇஎல்டிஎஸ் சார்பில் கல்வி நிறுவனங்களுக்காக வெளியிடப்பட்ட வழிகாட்டிக் கையேட்டில் ஓர் அட்டவணை உண்டு. மருத்துவம், சட்டம் போல மொழியை அதிகம் கோரும் படிப்புகளுக்கு 7.5 இருந்தால் ஏற்கலாம், 7 என்றால் அநேகமாக ஏற்கலாம், 6.5 என்றால் மாணவர் மேற்கொண்டு ஆங்கிலம் படிக்க வேண்டும் என்கிறது அது. வேளாண்மை, கணிதம், தொழில்நுட்பம் போன்றவற்றுக்குக்கூட 6.5 என்பது ‘அநேகமாக’ என்ற தகுதியைத்தான் பெறுகிறது. 6 வாங்கியவருக்கு இன்னும் பயிற்சி தேவை. ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் பரவலாகக் காணப்படும் நுழைவு எல்லை என்ன? மொத்தத்தில் 6.5, எந்தப் பகுதியிலும் 6க்குக் குறையாமல். சேர்க்கைக் கடிதம் பெற்ற கணிசமான மாணவர்களுக்கு மொழிப் பயிற்சி இனிமேல்தான் தொடங்க வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிகிறது. அந்தப் பயிற்சியை யார் தர வேண்டும், எங்கே தர வேண்டும் என்பதில்தான் ஆஸ்திரேலியா பல பத்தாண்டுகளாகத் தடுமாறி வந்திருக்கிறது. அந்த நாட்டுக்கு மாணவர்களை அனுப்புவதில் சீனாவுக்கு அடுத்த இடத்தில் இருப்பது இந்தியா. அந்தத் தடுமாற்றத்தின் சுமை நம் வீட்டுப் பிள்ளைகள் மீதும் விழுகிறது.

தொடக்கம் இப்படி இருக்கவில்லை. 1950 ஜனவரியில் காமன்வெல்த் வெளியுறவு அமைச்சர்கள் கொழும்பில் கூடினார்கள். ஆசிய நாடுகளின் வளர்ச்சிக்கு உதவ அங்கே உருவானதுதான் கொழும்புத் திட்டம். 1951 முதல் 1980கள் வரை சுமார் 20,000 ஆசிய மாணவர்கள் அத்திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியாவில் படித்தார்கள். அதன் தொடக்க ஆண்டுகளில் வெள்ளையரல்லாதோர் குடியேறுவதைத் தடுக்கும் கொள்கை அந்நாட்டில் அமலில் இருந்தது. இலங்கை, மலாயா, இந்தோனேசியா என்று பல இடங்களிலிருந்து வந்த இளைஞர்களை எதிர்கொண்டு அழைக்கத் தன்னார்வலர்கள் இருந்தார்கள். ரோட்டரி சங்கங்களும் தேவாலயக் குழுக்களும் அவர்களுக்கு வீடுகளில் விருந்து ஏற்பாடு செய்தன. மெல்பர்னில் இன்டர்நேஷனல் ஹவுஸ் என்ற விடுதி 1957இல் திறக்கப்பட்டது. அரசுக்கு இதில் அரசியல் நோக்கம் இருந்தது. கம்யூனிசம் ஆசியாவில் பரவாமல் தடுக்கும் கணக்கு அதற்குள் இருந்தது. ஆனாலும் வந்த மாணவர் விருந்தாளியாகப் பார்க்கப்பட்டார். அவர் தோற்றுத் திரும்பினால் திட்டமே தோற்றதாக ஆகும் என்பதால் அவரைப் படிக்க வைத்து அனுப்புவது அரசின் கவலையாக இருந்தது.

1980களின் நடுவில் கணக்கு மாறியது. 1984இல் வெளிவந்த ஜாக்சன் அறிக்கை, வெளிநாட்டு மாணவர் கல்வியை ஏற்றுமதித் தொழிலாகப் பார்க்கலாம் என்றது. 1986இலிருந்து முழுக் கட்டணம் செலுத்தும் வெளிநாட்டு மாணவர்களைப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கத் தொடங்கின. 1990இல் புதிய மாணவர்களுக்கான மானிய இடங்கள் நின்றன. இந்த மாற்றத்தை ஒரே நிறுவனத்தின் வரலாற்றில் பார்த்துவிடலாம். தென்கிழக்காசியப் பல்கலைக்கழகங்களுக்கு உதவ 1969இல் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கின. அது 1981இல் ஐடிபி என்று பெயர் மாறியது. பின்னர் மாணவர்களைத் திரட்டித் தரும் நிறுவனமாகி, 2015இல் ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஐஇஎல்டிஎஸ் தேர்வின் மூன்று உரிமையாளர்களில் ஐடிபியும் ஒன்று. 2021இல் பிரிட்டிஷ் கவுன்சிலின் இந்திய ஐஇஎல்டிஎஸ் நடவடிக்கைகளையும் அது வாங்கிக்கொண்டது. மாணவரைத் தேர்வு எழுத வைப்பதும் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடுவதும் இப்போது ஒரே குடையின் கீழ் நடக்கின்றன. 2023-24இல் சர்வதேசக் கல்வி அந்நாட்டுப் பொருளாதாரத்துக்கு ஈட்டித் தந்தது சுமார் 5,100 கோடி ஆஸ்திரேலிய டாலர்.

மாணவர் எண்ணிக்கை பெருகிய வேகத்தில் அவர்களுக்கான மொழிப் பயிற்சி பெருகவில்லை. இதைப் பகிரங்கமாக்கியவர் மொனாஷ் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் பாப் பிரெல். ஆஸ்திரேலியாவில் பட்டம் முடித்து, 2006 வாக்கில் நிரந்தர வசிப்புரிமை பெற்ற வெளிநாட்டு மாணவர்களின் மொழித் தேர்வு மதிப்பெண்களை அவர் எடுத்துப் பார்த்தார். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஐஇஎல்டிஎஸ் 6 என்ற அளவைக்கூட எட்டியிருக்கவில்லை. உள்ளே வரும்போது அல்ல, பட்டத்தோடு வெளியே வரும்போது! அவருடைய முடிவுகளைப் பல்கலைக்கழகங்கள் மறுத்தன. அளவிட்ட முறை சரியா என்று வாதம் நடந்தது. ஆனால் அந்தச் சலசலப்பின் விளைவாக அரசின் ஆதரவோடு 2009இல் பத்துக் கொள்கைகள் கொண்ட ஆவணம் ஒன்று வெளிவந்தது. மாணவரின் ஆங்கிலத் திறன் படிப்பதற்குப் போதுமானதாக இருப்பதை உறுதி செய்வது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு, மொழி வளர்ச்சி பாடத்திட்டத்துக்குள்ளேயே இணைக்கப்பட வேண்டும் என்று அது சொன்னது. சரியான திசைதான். சட்டக் கட்டாயம் இல்லாததால் சில பல்கலைக்கழகங்கள் மனமுவந்து செய்தன. பல, இணையதளத்தில் ஒரு பக்கம் சேர்த்ததோடு நிறுத்திக்கொண்டன.

பாடத்துக்குள் மொழி ஏன் இணைய வேண்டும்? தனியாக ஒரு வகுப்பு வைத்தால் போதாதா?

கனடாவில் குடியேறிய குடும்பங்களின் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், அன்றாடப் பேச்சு மொழியையும் கல்வி மொழியையும் 1979இல் பிரித்துக் காட்டினார். விளையாட்டு மைதானத்திலும் கடையிலும் பேசும் ஆங்கிலம் இரண்டு ஆண்டுகளில் கைவருகிறது. பாடப்புத்தகத்தின் ஆங்கிலத்தில் உடன்படிக்கும் பிள்ளைகளுக்கு இணையாக வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. பல்கலைக்கழக மாணவர் வளர்ந்தவர், தாய்மொழியில் கல்வி பெற்றவர் என்பதால் அவருடைய பாதை வேறு. ஆனாலும் சரளமாகப் பேசுகிறவர் சரளமாக எழுதிவிடுவார் என்ற எண்ணம் அங்கேயும் பொய்க்கிறது. நியூசிலாந்தின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஆவெரில் காக்ஸ்ஹெட் கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு துறைகளின் எழுத்துகளைத் திரட்டி, 35 லட்சம் சொற்கள் கொண்ட தொகுப்பை ஆராய்ந்தார். எல்லாத் துறைகளிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களின் பட்டியலை 2000இல் வெளியிட்டார். கல்வி எழுத்தில் பத்துச் சொற்களுக்கு ஒன்று அந்தப் பட்டியலிலிருந்து வருகிறது. அவை துறையின் கலைச்சொற்கள் அல்ல. ‘கருதுகோள்’, ‘விளைவு’, ‘பகுப்பாய்வு’ போன்ற பொதுவான கல்விச் சொற்கள். கலைச்சொல்லைப் பேராசிரியர் விளக்குவார். இவற்றை விளக்க யாரும் இல்லை, ஏனென்றால் எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறார்கள்.

சொற்களைத் தாண்டி, ஒவ்வொரு துறைக்கும் வாதம் கட்டும் முறை ஒன்று இருக்கிறது. சூடானின் கார்ட்டூம் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்துப் பின்னர் மிச்சிகனுக்குச் சென்ற ஜான் ஸ்வேல்ஸ், ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளை அலசினார். துறையின் முக்கியத்துவத்தைச் சொல்வது, இதுவரை நடந்த ஆய்வில் உள்ள இடைவெளியைக் காட்டுவது, அந்த இடைவெளியைத் தான் நிரப்பப் போவதாக அறிவிப்பது என்ற மூன்று நகர்வுகள் அவற்றில் திரும்ப வருவதைத் தன் 1990ஆம் ஆண்டு நூலில் விரிவாக நிறுவினார். இது தெரியாத மாணவர் இலக்கணப் பிழையே இல்லாமல் முன்னுரை எழுதினாலும் ‘வாதம் தெளிவாக இல்லை’ என்ற குறிப்போடு தாள் திரும்பி வருகிறது. அவர் இன்னும் அதிகமாக இலக்கணம் படிக்கிறார். நோய் ஓரிடத்தில், மருந்து வேறிடத்தில்.

இதைச் சரியாகச் செய்த முயற்சிகள் உண்டு. இவற்றில் மிக அழகானது இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் டிம் ஜான்ஸும் டோனி டட்லி-எவன்ஸும் நடத்தி, 1980இல் எழுதிப் பதிவு செய்த சோதனை. போக்குவரத்துத் துறையிலும் தாவரவியலிலும் முதுகலை படித்த வெளிநாட்டு மாணவர்களுக்காக அது நடந்தது. பாட விரிவுரை ஒலிப்பதிவு செய்யப்படும். மொழியாசிரியர் அதைக் கேட்டு, மாணவர்கள் எங்கே வழுக்கியிருப்பார்கள் என்று ஊகித்துக் கேள்விகள் தயாரிப்பார். பிறகு நடக்கும் வகுப்பில் மாணவர், மொழியாசிரியர், பாட ஆசிரியர் மூவரும் ஒன்றாக உட்காருவார்கள். மாணவருக்குத் தான் எதைத் தவறவிட்டோம் என்பது தெரிந்தது. மொழியாசிரியருக்கு அந்தத் துறை எப்படிச் சிந்திக்கிறது என்பது தெரிந்தது. தான் சொன்னது எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பதைப் பாட ஆசிரியர் அங்கேயே கண்ணால் பார்த்தார். மூன்றாவது பலன்தான் இதில் அரியது. மாணவரின் ஆங்கிலத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்த இடத்தில் ஆசிரியரின் விரிவுரையும் திருத்தத்துக்கு உரியதாகிறது. இந்த முறைக்கு ஆள்பலம் வேண்டும், பணம் வேண்டும். அதனால்தான் நாற்பதாண்டுக்குப் பிறகும் இது ஆங்காங்கே மட்டும் நடக்கிறது. முழுக் கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகம் இதற்குப் பணம் இல்லை என்று சொல்ல இடமில்லை.

யாருக்கு உதவி தேவை என்பதைக் கண்டுபிடிப்பதில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகம் 2002 முதல் நல்ல வழி காட்டுகிறது. டெல்னா என்ற அதன் மதிப்பீட்டை வெளிநாட்டு மாணவர் மட்டுமல்ல, உள்நாட்டில் பிறந்து ஆங்கிலமே பேசி வளர்ந்தவரும் எழுதுகிறார். முதலில் அரை மணி நேர வடிகட்டல்: சொல்வளம், வேக வாசிப்பு. அதில் பின்தங்குவோருக்குக் கேட்டல், வாசித்தல், எழுதுதல் மூன்றிலும் விரிவான சோதனை. பிறகு மொழி ஆலோசகர் ஒருவர் மாணவரோடு உட்கார்ந்து, எந்த வகுப்பு, எந்தப் பயிற்சி என்று வழிகாட்டுகிறார். இதன் மதிப்பெண்ணால் யாருடைய சேர்க்கையும் ரத்தாவதில்லை. நோயறியும் சோதனையாகவே இது வைக்கப்பட்டிருக்கிறது. எல்லாரும் எழுதுவதால், ‘உனக்கு ஆங்கிலம் வராது’ என்று யார் நெற்றியிலும் முத்திரை விழுவதில்லை.

இந்த முத்திரைப் பயம் சாதாரணமானதல்ல. உதவி மையம் திறந்திருக்கும். உதவி தேவைப்படுகிறவர் வரமாட்டார். ஊரில் முதல் வகுப்பில் தேறிய பொறியியல் பட்டதாரி, வீட்டை அடமானம் வைத்துப் பெற்றோர் அனுப்பிய பிள்ளை, ‘மொழி உதவி’ என்று பலகை மாட்டிய அறைக்குள் நுழைவதை அவமானமாக நினைப்பது இயல்பு. அமெரிக்காவின் மிசோரி-கேன்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் 1973இல் டியானா மார்ட்டின் வகுத்த முறை இந்தச் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அவிழ்த்தது. பின்தங்கும் மாணவர்களை அடையாளம் காண்பதை விட்டுவிட்டு, பலரும் தோற்கும் பாடங்களை அடையாளம் கண்டார்கள். அந்தப் பாடத்தில் முந்தைய ஆண்டு நன்றாகத் தேறிய மூத்த மாணவர் வாரந்தோறும் மாணவர்களைக் குழுவாக உட்கார வைத்துப் பயிற்சி நடத்துவார். வகுப்பில் உள்ள யார் வேண்டுமானாலும் வரலாம். ஆஸ்திரேலியாவில் வொலொங்காங் பல்கலைக்கழகம் இந்த முறைக்குத் தேசிய மையமாக இருக்கிறது. வெளிநாட்டு மாணவர் அங்கே போவது பாடத்துக்காக. மொழியும் கூடவே வருகிறது.

தாய்மொழியை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் நம்மவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்து, இன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் சுரேஷ் கனகராஜா. யாழ்ப்பாணத்து முதலாண்டுக் கலை மாணவர்களுக்கு அப்போது கொடுக்கப்பட்டது ஓர் அமெரிக்கப் பாடநூல். மாணவர்கள் அந்நூலின் ஓரங்களில் எழுதிவைத்த தமிழ்க் குறிப்புகளையும் படங்களையும் முழக்கங்களையும் கனகராஜா கவனமாகப் படித்தார். வகுப்பில் வாய் திறக்காதவர்கள் ஓரத்தில் பேசியிருந்தார்கள். பாடத்தோடு தங்கள் மொழியிலும் தங்கள் உலகத்திலும் நின்று அவர்கள் நடத்திய உரையாடல் அது. பின்னர் 2002இல் எழுதிய நூலில், தாளுக்கே தட்டுப்பாடான யாழ்ப்பாணத்திலிருந்து மேற்கத்திய ஆய்விதழ்களின் விதிகளுக்கு ஏற்பக் கட்டுரை அனுப்புவது எத்தகைய போராட்டம் என்பதைப் பதிவு செய்தார். பல மொழி அறிந்த மாணவரைக் குறையுள்ளவராகப் பார்ப்பதை நிறுத்த வேண்டும் என்பது அவர் தொடர்ந்து சொல்லிவருவது. கட்டுரையின் வாதத்தைத் தமிழில் விவாதித்து ஒழுங்குபடுத்திக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதும் மாணவர் ஏமாற்றவில்லை. தன்னிடம் இருக்கும் கருவியைப் பயன்படுத்துகிறார். ‘வகுப்பில் ஆங்கிலம் மட்டும்’ என்ற விதியால் இழப்பது இந்தக் கருவியைத்தான்.

மொழியை மட்டும் பேசி இந்த விஷயத்தை முடிக்க முடியாது. மாலை ஐந்து மணிப் பயிற்சி வகுப்புக்கு வராத மாணவர் சோம்பேறி அல்ல. அந்நேரம் அவர் உணவகத்தில் தட்டு கழுவிக்கொண்டிருக்கலாம். 2023 ஜூலை முதல் மாணவர் விசாவில் இருப்பவர், பாடம் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வரை வேலை செய்யலாம். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் உள்ளூர்க்காரருக்கு உள்ளது போலவே அவருக்கும் பொருந்தும். ஆனால் செவன்-லெவன் கடைகளில் வெளிநாட்டு மாணவர்களுக்கு மிகக் குறைந்த கூலி கொடுக்கப்பட்டது 2015இல் ஊடக விசாரணையில் அம்பலமாகி, பின்னர் 15 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தர நேர்ந்தது. புகார் கொடுத்தால் விசா போய்விடும் என்ற பயமே அவர்களைப் பேசாமல் வைத்திருந்தது. சிட்னியின் ரெட்ஃபர்ன் சட்ட மையம் இத்தகைய மாணவர்களுக்கு வாடகை, கூலி, பல்கலைக்கழகத் தகராறு ஆகியவற்றில் இலவச சட்ட உதவி தருகிறது. பல மொழிகளில் காணொளி விளக்கங்களோடு ஒரு செயலியும் உருவாக்கியது. நல்ல ஆதரவுச் சேவை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்: மாணவர் எந்த மொழியில் பயப்படுகிறாரோ அந்த மொழியில் பேசுவது.

பேசாமை உயிரையும் குடிக்கிறது. விக்டோரியா மாநில மரண விசாரணை நீதிமன்றத்தின் ஆய்வு 2009 முதல் 2015 வரை அந்த மாநிலத்தில் 27 வெளிநாட்டு மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதைக் கண்டறிந்தது. உள்நாட்டு மாணவர்களோடு ஒப்பிட்டால், இறப்பதற்கு முன் மனநல உதவியை நாடியிருந்தவர்கள் இவர்களில் குறைவு. கவுன்சிலிங் அறை வளாகத்தில் இருந்தது. அந்த அறை வரை நடந்து போக வைக்கும் ஒரு மனிதர் இல்லை.

சட்டத்தில் குறை அதிகம் இல்லை. 2000ஆம் ஆண்டின் வெளிநாட்டு மாணவர் கல்விச் சேவைச் சட்டமும் அதன் கீழ் வந்த 2018 தேசிய நெறிமுறையும், புதிய மாணவருக்கு அறிமுக வகுப்பு நடத்த வேண்டும், படிப்புக்கும் வாழ்க்கைக்கும் தேவையான ஆதரவைக் கூடுதல் கட்டணமின்றித் தர வேண்டும், மாணவர் அணுகுவதற்குப் பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்றெல்லாம் கட்டாயப்படுத்துகின்றன. 2009இல் இந்திய மாணவர்கள் மீது தாக்குதல்கள் நடந்து, மெல்பர்ன் வீதிகளில் அவர்கள் திரண்டு போராடிய பிறகு புரூஸ் பெயர்டு என்பவர் இந்தச் சட்டத்தை மறுஆய்வு செய்ததன் விளைவாக, 2012இல் கட்டணப் பாதுகாப்பு அமைப்பும் வந்தது. ஆனால் அறிமுக வகுப்பு பெரும்பாலும் முதல் வாரத்தில் முடிந்துவிடுகிறது. பயணக் களைப்பு தீராத, வீடு கிடைக்காத, வங்கிக் கணக்கு தொடங்காத வாரம் அது. கட்டுரை எழுதுவது எப்படி என்று அந்த வாரத்தில் சொல்லப்படுவது யார் காதிலும் ஏறாது. முதல் அசைன்மென்ட் திரும்பி வரும் ஆறாவது, ஏழாவது வாரத்தில்தான் மாணவருக்குக் கேட்கக் காது திறந்திருக்கும்.

2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தின்போது, தங்கள் செலவைத் தாங்க முடியாத வெளிநாட்டு மாணவர்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று பிரதமர் ஸ்காட் மோரிசன் அறிவித்தார். ஊதிய மானியத் திட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை. தொண்டு நிறுவனங்களின் உணவு வரிசைகளில் அவர்கள் நின்றார்கள். கொழும்புத் திட்டத்து விருந்தாளிக்கும் இவர்களுக்கும் இடையே இருந்த தூரம் அப்போது எல்லாருக்கும் தெரிந்தது.

2024 மார்ச் 23 முதல் அரசு மாணவர் விசாவுக்கான ஐஇஎல்டிஎஸ் எல்லையை 5.5இலிருந்து 6ஆக உயர்த்தியது. அதே ஆண்டு ஜூலையில் விசாக் கட்டணம் 710 டாலரிலிருந்து 1,600 டாலராகியது. மறு ஆண்டு 2,000. வாசலை உயர்த்துவது எளிது, செலவில்லாதது, செய்தியாகவும் வரும். அதனால் தமிழ்நாட்டுக் கோச்சிங் சென்டர்களில் கூட்டம் இன்னும் கூடும்; மனப்பாடமாக வைத்துக்கொள்ளும் தொடக்க வாக்கியங்கள் இன்னும் செம்மையாகும். வாசலுக்கு உள்ளே நடக்க வேண்டிய வேலை அப்படியே இருக்கிறது. அந்த வேலைக்கு ஓரளவு நெருங்கி வருவது பல்கலைக்கழகங்களோடு இணைந்த நேரடி நுழைவு ஆங்கிலப் படிப்புகள். வாரத்துக்கு 20 மணி நேரம், பத்து முதல் இருபது வாரங்கள். அங்கே மாணவர் விரிவுரை கேட்டுக் குறிப்பெடுக்கிறார், மூலங்களைக் கொண்டு நீண்ட கட்டுரை எழுதுகிறார், திருத்தம் வாங்கித் திரும்ப எழுதுகிறார். செலவு அதிகம் என்று குடும்பங்கள் இதைத் தவிர்க்கப் பார்க்கின்றன. அரைப் புள்ளி கூடுதலாக வாங்கி இதைத் தாண்டிவிடுவதால் எந்தப் பயிற்சி கைநழுவுகிறது என்பதை முகவர்கள் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை.

2025 பிப்ரவரி 1 முதல் ஆஸ்திரேலியாவில் தேசிய மாணவர் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இயங்குகிறது. உயர்கல்வி படிக்கும் உள்நாட்டு, வெளிநாட்டு மாணவர் எவரும் கட்டணமின்றிப் புகார் தரலாம். ஒரு விடைத்தாளுக்கு எவ்வளவு மதிப்பெண் என்பது போன்ற கல்விசார் தீர்ப்புகளில் அது தலையிடாது. ஆனால் தருவதாகச் சொன்ன ஆதரவைப் பல்கலைக்கழகம் தந்ததா, முறைப்படி நடந்துகொண்டதா என்று கேட்க அதற்கு அதிகாரம் உண்டு. மொழிப் பயிற்சி பற்றிச் சேர்க்கையின்போது கொடுக்கப்பட்ட வாக்குறுதிகளும் அந்தக் கேள்விக்குள் வரும். அதனால் சேர்க்கைக்கு முன் மாணவர் முகவரிடமும் பல்கலைக்கழகத்திடமும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு: என் துறைக்கென்று மொழியாசிரியர் இருக்கிறாரா, முதல் அசைன்மென்ட்டின் வரைவை யாராவது படித்துச் சொல்வார்களா, அந்த உதவி வேலை நேரத்துக்குப் பிறகும் கிடைக்குமா, எத்தனை முறை கிடைக்கும்.